படுக்கையில் கேட்ட ராக் சங்கீதம்

என் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்பதைப் பாட்டுத்தான் முதலில் காட்டிக் கொடுத்தது. வழக்கமாக ஒரே மூச்சில் பாடி முடிக்கிற வரி, நடுவில் அறுந்தது. வயசாகிறது என்று நினைத்துக் கொண்டேன். மறு வாரம் வலது விலாவில் குத்தல், சாயங்காலமானால் காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார். முதுகுப் பக்கமாக ஊசி போட்டு அந்த நீரை எடுத்துச் சோதித்ததில், காசநோய்க் கிருமியின் வேலை என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை.

“சளியில கிருமி இல்லைம்மா. பிள்ளைகளைப் பிரிச்சு வைக்க வேண்டாம். ரெண்டு மாசத்துல உடம்பு நல்லாத் தேறிடும். தேறிடுச்சேன்னு மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க” என்றார் அந்த டாக்டர். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது மாத்திரையின் சாயம், பயப்படாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் மறு நாளே நான் வீட்டைக் கூட்டியிருப்பேன்!

“பாட்டு?” என்று கேட்டேன்.

“முதல்ல மூச்சு” என்றார். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தார். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்ப வேண்டும். முதல் நாள் ஒரு பந்து அரைகுறையாக எழும்பி, உடனே விழுந்தது. என் சின்னவள் வாங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் மேலே ஏற்றிவிட்டு, “அம்மா, இவ்வளவுதானா?” என்றாள்.

நான் பெரிய பாடகி இல்லை. மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் எங்கள் தெருப் பெண்களுக்குத் திருப்பாவையை எடுத்துக் கொடுப்பவள், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக என் குரல் முதலில் எழும்ப, மற்றவர்கள் பின்னால் சேர்ந்து கொள்வார்கள். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே திருப்பாவைக்குக் குரல் கொடுப்பது ஒரு பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை. அடுப்படிக்கு வெளியே எனக்கென்று இருந்த ஒரே இடம் அது. அது போய்விடுமோ என்ற பயம் நோயைவிடப் பெரிதாக இருந்தது.

படுக்கையில் கிடந்தபடி ரேடியோ கேட்டால் எரிச்சல் வந்தது. எவ்வளவு நல்ல பாட்டானாலும் ஒருவர்கூட மூச்சு வாங்குவது காதில் விழாது. ஸ்டுடியோவில் திரும்பத் திரும்பப் பாடி, நல்ல துண்டுகளை எடுத்துச் சேர்த்து, மூச்சுச் சத்தத்தைத் துடைத்து விடுகிறார்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது இதெல்லாம் தெரியாது. மூச்சுக்குத் தவிக்கிறவளுக்கு, மூச்சே வாங்காத அந்தக் குரல்கள் யாரோ வேறு உலகத்து ஜீவன்களுடையவை போல இருந்தன.

இந்த நேரத்தில்தான் என் தங்கை மகன் வந்து சேர்ந்தான். எங்கள் கிருஷ்ணன்கோவில், மதுரை சாலையில் வத்திராயிருப்புக்குப் பிரிகிற இடத்தில் இருக்கும் சின்ன ஊர். 1984-இல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி வந்து, பிறகு அது பல்கலைக்கழகமாகவும் ஆனதால் ஊரெல்லாம் மாணவர் கூட்டம். அவனும் அங்கே ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு நம் வீட்டில்.

“பெரியம்மா, ஸ்டுடியோ பாட்டு பிடிக்கலைன்னா கச்சேரியில பதிஞ்சதைக் கேளுங்க” என்று போனை என் பக்கத்தில் வைத்தான்.

அவன் கேட்பது ராக் சங்கீதம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கொடிகட்டிப் பறந்தது. மின்சார கிட்டார் ஒன்றிரண்டு, அடிநாதத்துக்கு ஒரு கனத்த கிட்டார், டிரம்ஸ், அதற்கு மேலே தொண்டை கிழியப் பாடும் ஒருவர். ஐந்து நிமிஷம் போவதற்குள் என் மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். “ஏம்மா, தகரக் கொட்டாய்ல ஆலங்கட்டி விழுற மாதிரியில்ல இருக்கு!”

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன், பாடினவர் ‘ஹ்...’ என்று மூச்சை இழுத்தார் பாருங்கள்! அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து உட்கார்ந்து விட்டேன்.

அன்று கேட்டது ‘தி ஹூ’ என்ற குழு 1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த கச்சேரி. பல்கலைக்கழகத்தில் எங்கே தெரியுமோ? மாணவர்களின் சாப்பாட்டுக் கூடத்தில்! இசைத்தட்டில் சில இடங்களில் படபடவென்று ஒலி கேட்கும். அது அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று தட்டின் மேலேயே எழுதி விற்றார்களாம். “எங்க மெஸ்ல சாம்பாரைப் பத்தி இப்படி எழுதி வைக்கலாம்” என்றான் பையன்.

பிறகு பீட்டில்ஸ். 1969 ஜனவரி 30, லண்டனில் தங்கள் கம்பெனிக் கட்டடத்து மொட்டை மாடியில் ஏறி வாசித்திருக்கிறார்கள். நல்ல குளிர்காலம். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜான் லென்னன் போட்டிருப்பது யோகோ ஓனோவின் ரோமக் கோட்டு. காற்று மைக்கில் இரையாமல் இருக்க ஒலிப்பதிவு உதவியாளரைக் கடைக்கு அனுப்பி, பெண்கள் காலில் போடும் மெல்லிய உறைகளை வாங்கி வரச் சொல்லி மைக்குகளுக்கு மாட்டினார்களாம். உலகப் புகழ் பெற்ற கச்சேரி ஒன்று கடைசியில் பெண்களின் துணிமணிகளால் காப்பாற்றப்பட்டது என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

மூன்றாவதாகக் கேட்டதுதான் என்னைப் பிடித்துக் கொண்டது. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். கிழக்குப் பாகிஸ்தானில் புயலும் போரும் சேர்ந்து அடித்து லட்சக்கணக்கானவர்கள் அகதிகளாகி நம் எல்லைக்குள் வந்த வருஷம் அது. சிதார் மேதை ரவிசங்கர், தம் சிநேகிதர் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்க, அவர் பெரிய பெரிய ராக் கலைஞர்களைத் திரட்டி ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் நடத்தினார். ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். வசூல் யூனிசெஃப் மூலமாக அகதிகளுக்குப் போயிற்று. முதலில் ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா மேடையில் அமர்ந்து சுருதி சேர்க்கிறார்கள். சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்கிறது, அதையே ஒரு உருப்படி என்று நினைத்து! சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்தால், வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் தன்மையாகச் சொல்கிறார். இதை இசைத்தட்டிலிருந்து வெட்டாமல் விட்டவரை நான் வாழ்த்துகிறேன்.

அந்தக் கச்சேரி படமாகவும் வந்திருக்கிறது. பார்த்தபோது, வித்வான்களுக்குப் பின்னால் தம்பூரா மீட்டியபடி ஒரு பெண் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு அலட்டல் இல்லை. விரல் மட்டும் போய் வருகிறது.

“யாருடா அவங்க?”

“தெரியலையே பெரியம்மா. பேர் கமலான்னு போட்டிருக்கு.”

யார் என்று தெரிந்துகொள்ளத்தான் புத்தகங்களுக்குள் போனேன். ராக் கலைஞர்கள் பலர் சுயசரிதை எழுதியிருக்கிறார்கள். ஹாரிசன் 1980-லேயே ஒன்று எழுதினார். எரிக் கிளாப்டனுடையது 2007-இல் வந்தது. ரவிசங்கர் 1997-இல் வெளியிட்ட ‘ராக மாலா’வுக்கு உதவி செய்ததும் அதே ஹாரிசன்தான். ஆங்கிலப் புத்தகம் தொட்டு வருஷக்கணக்காயிற்று. அகராதியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத பக்கங்களைப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து அர்த்தம் சொன்னான். மனம் விட்டுச் சொல்கிறேன், இந்தச் சுயசரிதைகளில் பாதிப் பக்கம் குடியும் போதை மருந்தும்தான். தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் கிளாப்டன் எதையும் அலங்கரிக்கவில்லை. அந்த நியூயார்க் மேடையில் தாம் ஹெராயின் கிடைக்காத அவஸ்தையில் நின்றதை அவரே சொல்கிறார். குடியிலிருந்து மீண்ட பிறகு 1998-இல் ஆன்டிகுவா தீவில் போதை மீட்பு இல்லம் ஒன்றையும் நிறுவினார். வளர்ந்த பையன்கள் உள்ள வீட்டில் அந்தப் பகுதியை ஒளிக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே படித்தோம்.

இன்னொன்றும் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த ‘ஹூ’ குழு 1976-இல் லண்டனில் செய்த கச்சேரி, அந்நாளில் உலகத்திலேயே அதிகச் சத்தமானது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது, 126 டெசிபல். அதன் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்டுக்கு இன்று காது மந்தம். மேடையைவிட, ஸ்டுடியோவில் காதில் மாட்டிக்கொண்ட ஹெட்போன்தான் தம்மைக் கெடுத்தது என்கிறார் அவர். வாரத்துக்கு நாற்பது மணி நேரம், அதுவும் 80 டெசிபலுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. குழந்தைகளுக்கு 75 தான். பக்கத்தில் நிற்பவர் பேச்சு காதில் விழாத அளவுக்கு வைத்திருந்தால் குறைக்கச் சொல்லுங்கள்.

ரவிசங்கர் புத்தகத்துக்கு வருகிறேன். 1967-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் கிட்டாரை மேடையிலேயே தீ வைத்து எரித்ததைக் கண்டு அவர் மனம் நொந்து போனார். வாத்தியம் தெய்வம் என்று வளர்ந்தவர் அல்லவா? சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தையும் கரண்டியையும்கூட அடுக்கி வைக்கும் நமக்கு அந்த வலி விளக்காமலே புரியும். 1969-இல் உட்ஸ்டாக் விழாவில் மழையில் சேற்றில் கிடந்த ரசிகர்களைப் பார்த்தபோது அவருக்கு நம் ஊர் எருமைகள் ஞாபகம் வந்ததாம். சிரித்ததில் எனக்கு இருமலே வந்துவிட்டது.

கமலா யார் என்பதும் தெரிந்தது. கமலா சக்ரவர்த்தி, பிறந்த வீட்டுப் பெயரில் கமலா சாஸ்திரி. தென்னிந்தியக் குடும்பம். அவருடைய அக்காதான் பாடகி லட்சுமி சங்கர், ரவிசங்கரின் அண்ணன் ராஜேந்திராவின் மனைவி. அந்த அக்காவின் கதையைப் படிக்கும்போதுதான் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது: ‘ப்ளூரிசி’. அகராதி தேவைப்படவில்லை. என் மருத்துவச் சீட்டிலும் அந்த நோயின் பெயர்தான் இருந்தது.

லட்சுமி 1926-இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். சென்னையில் கந்தப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றவர். பாலசரஸ்வதிக்கு குருவாக இருந்தாரே, அதே கந்தப்பப் பிள்ளை. பதின்மூன்று வயதில் உதயசங்கரின் நடனக் குழுவில் சேர்ந்து அல்மோராவுக்குப் போனார். 1941-இல் கல்யாணம். அப்புறம் வந்தது இந்த நோய். நெஞ்சு உறை அழற்சி கண்டு, நடனத்தை அடியோடு விட வேண்டியதாயிற்று. உடம்பே வாத்தியமாக இருந்தவளுக்கு அந்த வாத்தியம் போயிற்று. அவர் என்ன செய்தார்? பாட்டில் இறங்கினார். ஏற்கெனவே கர்நாடக சங்கீதம் தெரியும். அதோடு நிற்காமல், உஸ்தாத் அப்துல் ரெஹ்மான் கானிடம் பாட்டியாலா பாணி ஹிந்துஸ்தானி சங்கீதத்தை முதலிலிருந்து கற்றுக்கொண்டார். எந்த நெஞ்சு அவரைக் கைவிட்டதோ, அதே நெஞ்சிலிருந்து வரும் மூச்சை நம்பி!

புத்தகத்தை மூடிவிட்டுப் பந்துக் கருவியை எடுத்தேன். அன்றைக்கு இரண்டு பந்து எழும்பியது. புத்தகத்தால் எழும்பியது என்று சொல்லமாட்டேன். மாத்திரை ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

1974-இல் லட்சுமிக்கு நாற்பத்தெட்டு வயது. ஹாரிசனும் ரவிசங்கரும் சேர்ந்து ஒரு பெரிய இந்தியக் குழுவை மேல்நாட்டு மேடைகளுக்கு அழைத்துப் போனார்கள். செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரியின் படப்பதிவு 2010-இல் வெளிவந்திருக்கிறது, அவசியம் பாருங்கள். லட்சுமியும் தங்கை கமலாவும் மகள் விஜியும் ஒரே மேடையில். வயலினில் எல். சுப்பிரமணியம். மிருதங்கத்தில் டி.வி. கோபாலகிருஷ்ணன், மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்து இளையராஜாவுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர் என்றால் உங்களுக்கு உடனே தெரியும்.

நவம்பர் 2-ஆம் தேதி வான்கூவரில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் ஆரம்பம். ஆனால் ஒத்திகைகளில் ஓய்வில்லாமல் பாடி ஹாரிசனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. டிக்கெட் விற்றாகிவிட்டது, கம்மிய குரலோடே ஊர் ஊராகப் பாடினார். ‘டார்க் ஹார்ஸ்’ என்பது அவருடைய அந்த வருஷத்துத் தட்டின் பெயர். ஆங்கிலத்தில் குதிரைக்கும் கம்மிய குரலுக்கும் உள்ள சொற்கள் ஒரே மாதிரி ஒலிக்கும். விமரிசகர்கள் விடுவார்களா? அதை வைத்தே கேலி செய்தார்கள். அந்தத் தட்டின் தலைப்புப் பாட்டை, அதே பயணக் குழுவோடு, அந்தக் கட்டிய தொண்டையிலேயே பதிவு செய்திருக்கிறார். கேட்டேன். சுரம் எட்டாத இடங்களில் குரல் சொரசொரவென்று உரசுகிறது, ஆனால் தாளம் விடவில்லை. மறைக்கவும் முயலவில்லை. நல்ல குரலில் அவர் பாடிய பாட்டுகளைவிட எனக்கு அது ஒரு படி மேல். பையன் ஒப்புக்கொள்ளவில்லை, இது பற்றி எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

நடுவில், சிகாகோவில் ரவிசங்கருக்கு மாரடைப்பு. குழுவை யார் நடத்துவது? நோய் காரணமாக ஆட்டத்தை விட்ட அந்த லட்சுமிதான் எழுந்து நின்று வாத்தியக் குழுவை நடத்தினார். அவர் பாடிய கண்ணன் பாட்டு ஒன்று, ஆங்கிலச் சொற்களில் ரவிசங்கர் அமைத்து ஹாரிசன் தயாரித்தது, அந்த வருஷம் இசைத்தட்டாகவும் வந்தது. கிட்டார் கேட்க வந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கு முன்னால், கண்ணனைக் காணோமே என்று ஒரு பெண் பாடுகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு இதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

1982-இல் வந்த ‘காந்தி’ படத்தின் இசையில் அவர் குரல் இருக்கிறது. எண்பது வயது தாண்டிய பிறகு ஒரு தட்டுக்குக் கிராமி பரிந்துரை. 2013 டிசம்பர் 30-இல் கலிஃபோர்னியாவில் காலமானார். மகள் விஜி 1995-லேயே போய்விட்டார். தாயும் மகளும் மேடையின் பின்வரிசையிலேயே மறக்கப்பட்டுவிடக் கூடாது என்று பேத்தி ஜிஞ்சர் சங்கர் ‘நாரி’ என்ற படைப்பை 2016-இல் சன்டான்ஸ் விழாவில் வைத்தார். 2019-இல் கவிதா தாஸ் என்ற எழுத்தாளர் லட்சுமியின் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மறு வேலை பார்த்தேன். அன்றைக்கு வீட்டில் ரசமும் அப்பளமும் மட்டும்.

ஆறு மாதம் முடிந்தது. எக்ஸ்ரே சுத்தம். மூன்று பந்தும் எழும்புகின்றன, சின்னவள் அளவுக்கு வேகமாக இல்லாவிட்டாலும். குரல்? முன்பு ஐந்து கட்டையில் பாடினவள், இப்போது நாலு கட்டைக்கு இறங்கியிருக்கிறேன். மேல் ஸ்தாயியில் நிற்க முடிவதில்லை. மார்கழியில் யார் எடுத்துக் கொடுப்பது என்று தெருவில் ஒரு பேச்சு எழுந்தது. “நாலு கட்டையிலே என்றால் நானே எடுத்துக் கொடுக்கிறேன், ஐந்துதான் வேண்டுமென்றால் எதிர் வீட்டு மருமகள் பாடட்டும், நான் சுருதி பிடிக்கிறேன்” என்றேன். இரண்டு நாள் யோசித்தார்கள். நாலு கட்டை என்று முடிவாயிற்று. இளம் பெண்களுக்குக் கொஞ்சம் தாழ்வுதான், இரண்டொரு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் வயதான மாமிகள் பலருக்கு இந்த வருஷந்தான் கூடவே பாட வந்தது.

பையன் கூடத்தில் போனை வைத்து என்னைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தான். இருபத்தொன்பதாம் பாசுரத்தில் ஒரே வரிக்கு இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறேன். நடுவில் குக்கர் வேறு விசிலடித்தது. “அதை எடுத்துட்டு இன்னொரு தடவை பதிடா” என்றேன்.

“வேண்டாம் பெரியம்மா” என்று சொல்லி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பி விட்டான்.